செபமாலை பாதியில் நின்ற மாலை

வாசகர் கடிதம்:

எனக்கு 46 வயது. கடலூர் முதுநகரில் இருக்கிறோம். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நான் வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைக்கிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மாமியாருக்கு 81 வயது. மூன்று வருடமாக மறதி நோய். இப்போது என்னையே அவருக்கு அடையாளம் தெரிவதில்லை.

தினமும் ஏழு மணிக்குக் குடும்ப செபம் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். போன மாதம் ஒரு நாள், செபமாலையில் மூன்றாவது பத்து சொல்லிக்கொண்டிருந்தபோது, அத்தை அன்று மாலையில் மூன்றாவது தடவையாகப் புடவையை நனைத்துவிட்டார். நான் செபமாலையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, "செபம் சொல்லவாவது விடுவீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய் இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சுக்கம்மா, நீ யாரும்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து என்னால் செபமாலையைத் தொட முடியவில்லை.

நாலு மாதமாக ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. அன்பியத்தில் (பங்கில் எங்கள் பகுதிக் குடும்பங்கள் கூடும் செபக் குழு) ஒரு அக்கா, "செபம் குறைஞ்ச வீட்டுல சமாதானம் இருக்காது" என்றார். புதுச்சேரியில் இருக்கும் நாத்தனார் வரும்போதெல்லாம் "அம்மா மெலிஞ்சுட்டாங்க" என்கிறார். சில ராத்திரி, ஆண்டவர் இவரைச் சீக்கிரம் அழைத்துக்கொண்டால் தேவலையே என்று தோன்றுகிறது. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. என் விசுவாசம் போய்விட்டதா? நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். நான் சாமியாரோ கன்னியரோ இல்லை. 22 வருடம் புதுச்சேரியில் வீடு வீடாகப் போய், படுக்கையில் இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொண்ட செவிலியர். இப்போது அப்படிப்பட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அதனால் முதலில் செவிலியராகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். கோவில் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அத்தையை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே மாலையில் மூன்று தடவை புடவை நனைகிறது என்றால் அது மறதி நோயால் மட்டும் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் அப்படி ஆகும். வயதானவர்களுக்கு அந்தத் தொற்று வந்தால் பல சமயம் காய்ச்சல்கூட இருக்காது. திடீரென்று குழப்பம் கூடும், தூக்கம் கெடும், எரிந்து விழுவார்கள். நாமோ "நோய் முற்றிவிட்டது" என்று நினைத்துக்கொள்வோம். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, கூடவே சர்க்கரை, தைராய்டு, பி12 சத்து எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்துபோனதாக நாத்தனார் சொல்வதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நோயில் எடை குறைவது உண்டு. பசி எடுத்ததே சிலருக்குத் தெரியாது, சிலருக்கு விழுங்கச் சிரமமாக இருக்கும். உங்கள் கவனிப்பில் குறை என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆனாலும் மருத்துவர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இரண்டாவது, அந்த ஏழு மணி. மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போது குழப்பம் அதிகமாகும். வெளிச்சம் குறையும், நிழல் நீளும், நாள் முழுக்க விழித்திருந்த மூளை களைத்துப்போகும். "வீட்டுக்குப் போகணும்" என்று தன் வீட்டிலேயே நின்றுகொண்டு கேட்பார்கள். கதவை இழுப்பார்கள். அடக்கி வைக்கும் சக்தியும் அந்த நேரத்தில் குறையும். உங்கள் வீட்டில் அத்தைக்கு இருப்பதிலேயே கஷ்டமான நேரமும், நீங்கள் அமைதியாகச் செபிக்க உட்காரும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. மூன்று வருடமாக இரண்டும் தினமும் மோதிக்கொண்டே இருந்திருக்கின்றன. அன்றைக்கு வெடித்தது. இதில் உங்கள் விசுவாசத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை, உங்கள் கடிகாரத்தைப் பற்றித்தான் தெரிகிறது.

இப்போது அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கத்தினீர்கள். அது தப்புதான். "பரவாயில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்" என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் அப்படிச் சொல்லப்போவதில்லை. கைகூப்பி நின்ற ஒரு கிழவியின் முகம் உங்களை விடவில்லை. விடாமல் இருப்பது நல்லதுதான், உங்கள் மனசாட்சி உயிரோடு இருக்கிறது. ஆனால் திருச்சபை பாவங்களை எடைபோடும்போது செயலை மட்டும் பார்ப்பதில்லை. சாவான பாவம் என்றால் கனமான காரியமாக இருக்க வேண்டும், தெரிந்து செய்திருக்க வேண்டும், முழு மனதோடு செய்திருக்க வேண்டும் என்று மூன்றையும் சேர்த்துத்தான் மறைக்கல்வி சொல்கிறது. மூன்று வருடம் முழுத் தூக்கம் தூங்காத ஒருத்தி, அன்று மூன்றாவது புடவையை மாற்ற எழுந்தபோது வாயைவிட்டு வந்த வார்த்தையை அந்தக் கணக்கில் போட்டு நீங்களே உங்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். பங்குத்தந்தையிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. சுமையை இறக்கி வைக்கத்தான் அந்த அருட்சாதனம்.

அத்தையிடமும் மன்னிப்புக் கேளுங்கள். "அவருக்குத்தான் ஞாபகமே இல்லையே" என்பீர்கள். அவருக்கு நடந்தது மறந்துபோயிருக்கும். ஆனால் இந்த நோயில் சம்பவம் மறந்த பிறகும் அது தந்த உணர்ச்சி கொஞ்ச நேரம் உள்ளே தங்கும். ஏன் பயமாக இருக்கிறது என்று தெரியாமலே பயந்துகொண்டிருப்பார்கள். சந்தோஷமும் அப்படித்தான், காரணம் மறந்த பிறகும் தங்கும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குக் கத்திட்டேன் அத்தை, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லுங்கள். அவர் உங்களை யாரோ என்று நினைத்தாலும் அந்தக் கை அவருக்குத் தெரியும். "நீ யாரும்மா?" என்று கேட்டால், "நான்தான் உங்க மருமக, தெரியலையா?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். "உங்களைப் பாத்துக்கிறவ" என்றால் போதும்.

சரி, செபம்.

என் அப்பா பக்கவாதம் வந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அப்போது எனக்குச் சென்னையில் ஆஸ்பத்திரி வேலை. மாதம் ஒரு தடவை லீவில் வருவேன். வந்ததும் முதல் வேலையாக வில்லியனூர் லூர்து மாதா கோவிலுக்குப் போய், குளத்தைச் சுற்றிச் செபமாலை சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கே போவேன். அக்காதான் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். ஒரு தடவைகூட என்னோடு வில்லியனூர் வந்ததில்லை. அவள் கையில் செபமாலையை அந்த எட்டு மாதத்தில் நான் பார்க்கவே இல்லை. அக்காவுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று அம்மாவிடம் குறையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அப்பா இறந்த அன்று, குளிப்பாட்டுவதற்காக அவரைத் திருப்பிப் படுக்க வைத்தோம். முதுகைப் பார்த்தேன். இடுப்பெலும்பு, தோள்பட்டை, குதிகால் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். எட்டு மாதம் அசையாமல் படுத்திருந்த உடம்பில் ஒரு புண் இல்லை. ஒரு சிவப்பு இல்லை. நான் செவிலியர், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பகல், ராத்திரி என்று பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாரோ எழுந்து அவரைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்து விட்டிருக்கிறார்கள். நனைந்ததும் துடைத்து உலர்த்தியிருக்கிறார்கள். அந்த முதுகுக்கு முன்னால் நான் ஏற்றிய மெழுகுவர்த்திகளை நினைத்து அழுதேன்.

பிறகு ஒரு நாள் அக்காவிடம் கேட்டேன், "நீ செபமே பண்ணலையா அப்போ?" என்று. "புரட்டிப் போடும்போது ஒவ்வொரு தடவையும் 'இயேசுவே'ன்னு சொல்வேன். வேற என்னடி சொல்றது, தூக்கக் கலக்கத்துல?" என்றாள்.

நம் பாட்டிமார் இதை மனவல்லய செபம் என்பார்கள். ஒரே ஒரு வரி, மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லி முடிக்கிற செபம். "இயேசுவே, இரக்கமாயிரும்." "மாதாவே, கூட இரும்." நீண்ட செபத்துக்கு வழியில்லாதவர்களுக்கு ஏதோ தள்ளுபடி விலையில் கொடுத்தது என்று அதை நினைக்காதீர்கள். தலைமுறை தலைமுறையாக வயல் வேலையிலும் அடுப்படியிலும் இருந்தவர்கள் சொன்ன செபம் அது. நீங்கள் மிஷினில் உட்கார்ந்து நூல் கோர்க்கும்போது சொல்லலாம். நனைந்த புடவையை வாளியில் அலசும்போது சொல்லலாம். கோபம் தொண்டை வரை வரும்போது, கத்துவதற்குப் பதிலாக அதே சத்தத்தில் "இயேசுவே!" என்று சொன்னாலும் செபம்தான்.

நெல்லித்தோப்பில் ஒரு வீட்டுக்கு இரண்டு வருடம் போய் வந்தேன். உங்களைப் போலவே ஒரு பெண், தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டுவது பெரும்பாடு, வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அந்தப் பெண் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அம்மாவை நிமிர்ந்து உட்கார வைத்து (படுத்தபடி ஊட்டவே கூடாது, புரையேறும்), ஒரு கரண்டி கஞ்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க" என்று ஆரம்பிப்பாள். "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று அவள் நிறுத்தியதும், அம்மா தானாக "சர்வேசுரனுடைய மாதாவே" என்று தொடர வாயைத் திறப்பார். இரண்டு வார்த்தை சொல்லவிட்டு, நிதானமாகக் கரண்டியைக் கொடுப்பாள். விழுங்கி முடித்த பிறகுதான் அடுத்த அருள்நிறை, அதாவது அடுத்த "மரியே வாழ்க" செபம். கிண்ணம் காலியாகும்போது ஏறக்குறைய மூன்று பத்து ஆகியிருக்கும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு வெளியே தனியாகச் செபமாலை சொல்லவில்லை என்று உங்களைப் போலவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பழைய வார்த்தைகளைக் கவனித்தீர்களா? இப்போது நாம் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்கிறோம். அத்தை சிறுமியாக இருந்தபோது கற்றது "பிரியதத்தம்"தான். மறதி நோய் புதியதை முதலில் அழிக்கும். சின்ன வயதில் ஆயிரக்கணக்கான தடவை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பதிந்தது பல பேருக்குக் கடைசி வரை நிற்கும். பெற்ற மகனின் பெயர் மறந்தவர்கள் "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தால் முழுக்கச் சொல்லி முடிப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அதனால் என் யோசனை இது. குடும்ப செபத்தை ஏழு மணியிலிருந்து ஐந்து மணிக்கோ ஐந்தரைக்கோ மாற்றிவிடுங்கள். ஏழு மணி என்பது வழக்கம்தான், கட்டளை இல்லை. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாலும், கணவர் ஷிப்டில் இருந்தாலும் பரவாயில்லை, நீங்களும் அத்தையும் போதும். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். அத்தையை அதற்கு முன் ஒரு தடவை பாத்ரூமுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். பகலிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அவர் கேட்காவிட்டாலும், கூட்டிப் போகப் பழக்குங்கள். மாலை டீயைக் கொஞ்சம் முன்னதாகவே, மூன்றரை மணிக்குள் கொடுங்கள். ஆனால் புடவை நனைகிறது என்று பயந்து பகலில் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், அது தொற்றைக் கூட்டும். பிறகு செபமாலையை அவர் கையில் கொடுங்கள். மணி பெரிதாக இருந்தால் நல்லது. அந்தப் பெருவிரல் தானாக நகர்வதைப் பாருங்கள்.

அவர் பழைய செபத்தைச் சொல்வார், நீங்கள் புதியதைச் சொல்ல வேண்டாம், அவரோடு சேர்ந்து அதையே சொல்லுங்கள். வியாழக்கிழமை சந்தோஷ தேவரகசியம் (செபமாலையில் தியானிக்கும் மறைபொருள்) சொன்னால் திருத்த வேண்டாம். வியாழனுக்குரிய ஒளியின் மறைபொருள்களைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்ததே 2002-இல்தான், அத்தைக்கு அது நினைவில் நிற்காதது ஆச்சரியம் இல்லை. ஒரு பத்தில் பதினேழு அருள்நிறை சொன்னாலும் விடுங்கள். பாதியில் எழுந்து போனாலும் விடுங்கள், மாதா கணக்குப் பார்ப்பவர் அல்ல.

இதோடு, உங்களுக்கே உங்களுக்கு என்று பத்து நிமிடம் வேண்டும். வேலையே செபம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பல நேரம், வேலை செய்கிறவளை அப்படியே தனியாக விட்டுவிடத்தான் சொல்கிறார்கள். அத்தை மதியம் தூங்கும் நேரத்தில் மிஷினை நிறுத்திவிட்டு, பீடத்துக்கு முன்னால் சும்மா உட்காருங்கள். வார்த்தை வரவில்லை என்றால் வேண்டாம். தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள். குழந்தை இயேசுவின் தெரசாள், ஏழு வருடமாகச் செப நேரத்தில் தூங்கிவிடுவதாகத் தன் கைப்படவே எழுதியிருக்கிறார். பிள்ளைகள் தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்குப் பிரியமாகத்தான் இருக்கும் என்று அதற்குச் சமாதானமும் சொல்லியிருக்கிறார். 24 வயதில் இறந்துபோன அந்தப் புனிதை, மடத்தில் எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் ஒரு வயதான சகோதரியைத் தினமும் மாலை கோவிலிலிருந்து சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போகும் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர். வேகமாக நடந்தாலும் திட்டு, மெதுவாக நடந்தாலும் திட்டு. அந்தச் சகோதரிக்கு ரொட்டியை நறுக்கச் சிரமமாக இருப்பதைக் கவனித்து, யாரும் சொல்லாமலே அதையும் நறுக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வருவாராம். உங்கள் வீட்டு வேலை அவருக்கு நன்றாகப் புரியும்.

எலியா இறைவாக்கினர் களைத்துப்போய், "ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று ஒரு செடியின் அடியில் படுத்துவிட்டாரே, அந்தப் பகுதியை அரசர் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில் எடுத்து வாசியுங்கள். கடவுள் அனுப்பிய தூதர் அவரைக் கண்டிக்கவில்லை, "செபம் குறைந்துவிட்டது" என்று சொல்லவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து, "எழுந்து சாப்பிடு" என்றார். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் இரண்டாம் தடவையும் வந்து சாப்பிடத்தான் சொன்னார். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ஞாயிறு பூசை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோய், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது போன்ற தகுந்த காரணம் இருந்தால் ஞாயிறு கடன் கட்டாயப்படுத்தாது என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது. தனியே விட முடியாத நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் அப்படிப்பட்ட காரணம்தான். ஆகவே நாலு மாதமும் நீங்கள் பாவம் செய்துகொண்டிருக்கவில்லை. ஆனால் உங்களுக்குப் பூசை வேண்டும் என்று கடிதத்திலேயே தெரிகிறது. உங்கள் கணவர் ஞாயிறு காலை போகிறார் இல்லையா? சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டாலும் ஞாயிறு கடன் நிறைவேறும். ஷிப்டைப் பார்த்து ஒரு வாரம் அவர் சனி மாலை போகட்டும், ஞாயிறு காலை அம்மாவோடு அவர் இருக்கட்டும், நீங்கள் போங்கள். அவர் அம்மாதானே.

போக முடியாத வாரங்களில் அத்தைக்கு நற்கருணை கொண்டுவரச் சொல்லி பங்குத்தந்தையிடம் கேளுங்கள். பல பங்குகளில் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் வீட்டுக்கு வருவார்கள். அப்போது நீங்களும் வாங்கிக்கொள்ளலாம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்ற விதி, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் அல்ல, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தளர்த்தப்பட்டிருக்கிறது. திருச்சபைச் சட்டத்தில் 919-ஆம் எண்ணில் அந்த வரி இருக்கிறது. உங்களைப் போன்றவர்களை யாரோ நினைத்துப் பார்த்து எழுதிய வரி என்று எனக்குத் தோன்றும். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனமான நோயில் பூசுதலும் கேளுங்கள். "அவஸ்தை பூசுவது சாகப்போகிறவர்களுக்குத்தானே" என்ற பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. முதுமையால் நலிந்தவர்களுக்கும் கொடுக்கலாம், உடல்நிலை மோசமானால் மறுபடியும் கொடுக்கலாம்.

இனி உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. நல்ல சமாரியர் உவமையை நாம் எல்லோரும் எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அதில் ஒரு வரியை யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. அந்தச் சமாரியர், வழியில் அடிபட்டுக் கிடந்தவரின் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார், தன் விலங்கின் மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார், அன்று ராத்திரி பார்த்துக்கொண்டார். மறுநாள்? இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிக்காரரிடம் கொடுத்து, "இவரைக் கவனித்துக்கொள்ளும், கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனார். இயேசு இரக்கத்துக்கு உதாரணமாகச் சொன்ன மனிதரே முழுப் பொறுப்பையும் தனியாகச் சுமக்கவில்லை. மூன்று வருடமாக உங்கள் வீட்டில் சமாரியரும் நீங்களே, சாவடிக்காரரும் நீங்களே, அந்தக் கழுதையும் நீங்களேதான்.

இதை மாற்ற நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். நம் பெண்களுக்கு இது வராது. நாத்தனாரிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த தடவை "அம்மா மெலிஞ்சுட்டாங்க" என்று சொல்லும்போது, "ஆமாண்ணி, எனக்கும் கவலையாத்தான் இருக்கு. மாசத்துல ரெண்டு நாள் நீங்க வந்து தங்கி, சாப்பாடு எப்படிக் குடுக்கிறதுன்னு பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வீட்டுக்கு அத்தையை அனுப்புவதைவிட அவர் இங்கே வருவதே நல்லது. இடம் மாறினால் இந்த நோயாளிகளுக்குக் குழப்பம் கூடும். அப்படி அவர் தங்குகிற நாளில் நீங்கள் தூங்குங்கள், துணியைத் துவைக்க உட்காராதீர்கள்.

அன்பியத்து அக்கா சொன்ன வார்த்தை உங்களுக்கு வலித்திருக்கிறது. எனக்கும் வலித்தது. ஆனால் அவருக்கு உங்கள் வீட்டு ராத்திரி தெரியாது. தெரியப்படுத்துங்கள். "அக்கா, இந்த மாச அன்பியக் கூட்டத்தை எங்க வீட்டுல வைங்க, சாயந்திரம் அஞ்சு மணிக்கு" என்று கேளுங்கள். பத்துப் பேர் உட்கார்ந்து பழைய செபத்தைச் சொல்லும்போது அத்தை முகத்தைப் பார்க்கட்டும். பிறகு, ஞாயிறு முதல் பூசை நேரத்தில் வாரம் ஒருவராக ஒன்றரை மணி நேரம் அத்தை பக்கத்தில் உட்கார முடியுமா என்று கேளுங்கள். நாலு பேர் சம்மதித்தால் ஆளுக்கு மாதம் ஒரு தடவைதான் வரும். நோயாளியைச் சந்திப்பது இரக்கச் செயல்களில் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். உங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், வீடு தேடிப் போவதுதான் அவர்கள் வேலையே. மகளையும் விட்டுவிடாதீர்கள். படிப்பு முக்கியம்தான், ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் பாட்டிக்குத் தலை வாரிவிடுவதால் எந்த மார்க்கும் குறையாது.

கடைசியாக, கை நடுங்க எழுதினீர்களே, அந்த வரி. நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் அதை யாரோ ஒருவர், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் பாசமாகப் பார்த்துக்கொண்டவர்கள்தான். அத்தை கஷ்டப்படுவதை நிறுத்த வேண்டும், தானும் கொஞ்சம் மூச்சுவிட வேண்டும் என்ற ஆசைதான் அப்படி வெளியே வருகிறது. அதை ஆண்டவரிடம் மறைக்காதீர்கள். நம் முன்னோர் நல்மரணத்துக்காகத் தினமும் செபித்தவர்கள். நல்மரணத்தின் பாதுகாவலர், இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். நற்செய்திகள் நான்கையும் தேடினாலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. தூக்கத்திலிருந்து எழுந்தார், குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாகப் புறப்பட்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படி ஒரு வார்த்தையும் பேசாத தச்சரை 'வளன்' என்று பெயரிட்டுத் தலைவனாக்கி, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார் வீரமாமுனிவர். அவர் கட்டிய பெரியநாயகி மாதா கோவில் உங்கள் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில்தானே இருக்கிறது. ராத்திரி அந்த நினைப்பு வரும்போது அதை விரட்டாமல், "சூசையப்பரே, அத்தைக்கு நேரம் வரும்போது வலியில்லாமல், பயமில்லாமல் கூட்டிப் போங்கள், அதுவரை எனக்குப் பொறுமை கொடுங்கள்" என்று மாற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுங்கள்.

ஆனால் ஒன்று. அந்த நினைப்பு "நானே ஏதாவது செய்துவிடுவேனோ" என்றோ "நானே செத்துப்போகலாம்" என்றோ மாறினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அத்தையைக் காட்டும்போதே உங்களையும் காட்டிக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை. முதியோர் பராமரிப்பு பற்றிக் கேட்க 14567 என்ற எண்ணும் இருக்கிறது.

கட்டிலில் எறிந்த செபமாலை இன்னும் அங்கேயே எங்காவது கிடக்கும். அதை நீங்கள் எடுக்கத் தயங்கினால் எடுக்க வேண்டாம். நாளை சாயந்திரம் ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டு, "அத்தை, என் செபமாலையைக் காணோம், கொஞ்சம் தேடித் தர்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கையில் கிடைத்ததும் அவரே ஆரம்பித்துவிடுவார் என்று நினைக்கிறேன். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை முடிவையும் எழுதுங்கள்.